ஏழு வருடம் பெய்த ஒரே மழை

அந்த ஊரில் ஏழு வருடங்கள் ஒரே மழைதான் பெய்தது. ஒரே மாதிரியான மழை என்று சொல்லவில்லை, அதே மழை. மழைக்காலத்தின் மூன்றாம் நாள் காலை ஏழு ஐம்பதுக்கு அஞ்சலகத் தெருவில் தொடங்கி, எட்டு ஐந்துக்குப் பேருந்து நிலையத்தில் நின்றுவிடும். ஒன்பதாம் நாள் பள்ளி மைதானத்தின் பாதியில் மட்டும் பெய்து, மறுபாதியில் பந்து விளையாடுகிறவர்களைத் தொடாமல் போய்விடும். பத்தொன்பதாம் நாள் மாலை நாலு பத்துக்கு நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற குறுக்குத் தெருவில் சோவென்று கொட்டும். இரண்டாம் வருடம் ஆச்சரியப்பட்ட ஜனங்கள், மூன்றாம் வருடம் பழைய டைரியைப் பார்த்துத் துணி காயப்போட்டார்கள். குடைக் கடைக்காரர் குடைகளை மூட்டை கட்டிவிட்டு மூக்குக் கண்ணாடி விற்க ஆரம்பித்தார்.

இதன் காரணம் ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் நீர் ஆய்வு நிறுவனத்தில் கணினி நிரல் எழுதுகிறவள். எல்லாரும் நிரல்காரி என்றே சொல்வார்கள். விஞ்ஞானிகள் யோசிப்பார்கள், யோசனையைக் கணினி செய்கிற வேலையாக மாற்றுவது இவள் பொறுப்பு. ஆராய்ச்சி மாணவர்கள் எழுதிவைத்துவிட்டுப் போன நிரல்கள் 'கடைசி', 'உண்மையான கடைசி', 'இதைத் தொடாதே' என்ற பெயர்களில் அவள் மேஜைக்கு வரும். அவற்றைப் பிரித்து, அழுக்கெடுத்து, பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் ஓட்டினாலும் அதே விடை வருகிற மாதிரி கட்டிக்கொடுப்பாள். கட்டுரை அச்சாகும்போது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'தொழில்நுட்ப உதவிக்கு நன்றி' என்று ஒரு வரி இருக்கும். அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அந்த வரியைக் கண்ணைச் சுருக்கித் தேடிப் படித்துவிட்டு, "நீ லிஃப்டுக்கு மேல இருக்கற மோட்டார் மாதிரி. உள்ள ஏறிப் போறவனுக்கு உன்னத் தெரியவே தெரியாது" என்பார்.

மழை நிரலைக் கட்டியதும் அவள்தான். வானிலைக்காரர் 'இந்த வட்டாரத்தில் மழைக்கு வாய்ப்பு' என்பதோடு நிறுத்திக்கொள்வார். எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதற்கு நிரல் தெருவுக்குத் தெரு பகடை உருட்டிப் பார்க்கும். ஆனால் கணினிக்கு நிஜமாகப் பகடை உருட்டத் தெரியாது. ஓர் எண்ணை எடுத்துப் பெரிய எண்ணால் பெருக்கி, இன்னொன்றால் வகுத்து, மீதியை வைத்துக்கொள்ளும்; அந்த மீதியை மறுபடி பெருக்கி, மறுபடி வகுக்கும். வரிசையாக வருகிற மீதிகளைப் பார்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. அசல் பகடை தோற்றுப்போகும். ஆனாலும் எல்லாம் முதல் எண்ணைப் பொறுத்ததுதான். அதே எண்ணில் தொடங்கினால் அதே வரிசை, ஒரு புள்ளி பிசகாது. அதனால் சோதனை செய்கிறபோது தொடக்க எண்ணைக் கட்டிப்போட்டுவிடுவார்கள்: விடை மாறினால் தப்பு நிரலில்தான், அதிர்ஷ்டத்தில் இல்லை என்று தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் அந்த ஒரு வரியை எடுத்துவிட வேண்டும்; இல்லையென்றால் ஒவ்வொரு மழைக்காலமும் நிரல் அதே எண்ணிலிருந்தே தொடங்கும். நிரல்காரி எடுக்கவில்லை. நிரலை ஓடவிட வேண்டிய நாளில் கணவர் ஃபோன் செய்து, "சாவிய உள்ள வெச்சுப் பூட்டிட்டேன். வாசல்ல நிக்கறேன். பக்கத்து வீட்டு நாய் என்னையே பாக்குது, சீக்கிரம் வா" என்றார். அவள் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்திவிட்டு ஓடினாள்.

மறுநாளிலிருந்து நிரல் சொன்னபடி மழை பெய்தது. வானம் ஏன் நிரலைக் கேட்கிறது என்று வானிலைக்காரர் கொஞ்ச நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். பிறகு கணிப்பில் பிழை பூஜ்யம் என்று கட்டுரை எழுதினார். நிறுவன இயக்குநருக்குப் பதக்கம் கிடைத்தது. நிரல்காரியின் வீடு நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தக் குறுக்குத் தெருவில்தான். அந்த முதல் வருடத்தின் பத்தொன்பதாம் நாள் மாலை, கணவர் தொப்பலாக நனைந்து வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, கூடத்தில் ஈரக்கால் பதித்தபடி நேராக அடுப்படிக்கு டீ கேட்டுப் போனார். "இப்பதான் தொடச்சேன்" என்று அவள் கத்தினாள். மூன்று வாரம் கழித்து ஓர் ஏழு மாடிக் கட்டடத்தில், நின்றுபோன லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்தபடியே அவருக்கு மாரடைப்பு வந்தது. அடுத்த வருடம் பத்தொன்பதாம் நாள் நாலு பத்துக்கு அதே மழை கொட்டியது. வாசலில் யாரும் இல்லை. கூடத்தில் மட்டும் ஒவ்வொன்றாக ஈரக் காலடிகள் விழுந்தன, இடது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பி. அடுப்படிவரை போய் நின்று, அங்கே தண்ணீர் சொட்டித் தேங்கியது. இருபத்தைந்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது.

மூன்றாம் வருடம் மழைமானிக் கணக்குகளை ஒப்பிடும்போது, ஒரு வருடத்திலிருந்து இன்னொரு வருடத்தைக் கழித்தாள். திரை முழுக்க பூஜ்யம். எல்லாமே பூஜ்யமாக வந்தால் இந்த வேலை பார்க்கிறவர்கள் சந்தோஷப்பட மாட்டார்கள். தன் நிரலைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். பத்து நிமிடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியைக் கண்டுபிடித்தாள். அழிக்கிற பொத்தானில் விரலை வைத்தாள். நாட்காட்டியைப் பார்த்தாள். பத்தொன்பதாம் நாளுக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. இந்த ஒரு தடவை மட்டும் என்று நினைத்து விரலை எடுத்துக்கொண்டாள். அடுத்த வருடமும் அதையே நினைத்தாள். அதற்கடுத்த வருடமும்.

கிழக்குக் குடியிருப்புக்கு அந்தப் பகடையில் விழுந்தது வருடத்துக்கு இரண்டே தூறல்கள், மொத்தம் பதினோரு நிமிடம். பகடை நியாயமாக உருண்டால் ஒரு வருடம் ஒரு தெரு காயும், மறு வருடம் இன்னொரு தெரு காயும். கெட்ட காலம் சுற்றி வருவதால்தான் ஜனங்கள் தாங்குகிறார்கள். இங்கே அது ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கிணறுகள் வற்றின, தண்ணீர் லாரி வாரம் இருமுறை வந்தது. அந்தக் குடியிருப்பில்தான் நிரல்காரியின் ஒரே மகள், தன் புருஷனோடு சலவைக் கடை வைத்திருந்தாள்.

ஏழாம் வருடம் பத்தொன்பதாம் நாள், கடையில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல், இரண்டு மூட்டை விரிப்புகளை அம்மா வீட்டில் துவைத்துக்கொள்ளலாம் என்று மகள் தூக்கிக்கொண்டு வந்தாள். நிரல்காரி கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணிக்குள்ள கெளம்பிடு கண்ணு, மழை வரும்."

"வரும்னு ஊருக்கே தெரியும். எங்க தெருக்காரங்க நனையறதுக்காகவே இந்தப் பக்கம் வந்து வரிசையில நிக்கறாங்கம்மா. நான் நனைஞ்சுட்டுத்தான் போவேன்."

நாலு பத்துக்கு மழை கொட்டியது. துவைத்த விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்த மகள், கூடத்தில் முதல் காலடி விழுவதைப் பார்த்தாள். இடது பாதத்தைப் பார்த்ததும் விரிப்பைக் கீழே போட்டாள்.

"அப்பா" என்றாள். பிறகு, "எத்தன தடவ வந்திருக்காரு?"

"இதோட ஆறு."

"எப்படிம்மா?"

நிரல்காரிக்கு எதையும் பாதி சொல்லி நிறுத்தத் தெரியாது. பெருக்கல், வகுத்தல், மீதி, கட்டிப்போட்ட எண், இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி என்று எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள். மகளுடைய முகம் மாறுவதைப் பார்த்த பிறகுதான், எவ்வளவு சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

"அப்ப எங்க தெருவுல பெய்யாதது?"

"அதுவும் அதே எண்ணுதான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நாலு வருஷமா."

"நாலு வருஷமா நான் லாரிக்குப் பின்னாடி பக்கெட்டத் தூக்கிட்டு ஓடறேன். நீ ஃபோனப் போட்டு, தண்ணி வந்துச்சா கண்ணுன்னு கேக்கற." மகள் கத்தவில்லை; அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "எதிர்வீட்டுப் பெரியவர் அந்த லாரிகிட்ட விழுந்து இடுப்பு ஒடஞ்சு கெடக்கறாரும்மா."

நிரல்காரி அடுப்படியைக் காட்டினாள். அடுப்பு முன்னால் ஈரம் தேங்கியிருந்தது. மேடையில் அவள் முன்கூட்டியே போட்டு வைத்த ஒரு டம்ளர் டீ இருந்தது.

"குடிப்பாரா?"

"இல்ல. அப்படியே ஆறிப்போகும்."

"சக்கரை எத்தன போட்ட?"

"ரெண்டு."

"மூணு போடுவாரு. உனக்குத் தெரியாம நான்தான் போட்டுக் குடுப்பேன்." மகள் மூன்றாவது கரண்டியைப் போட்டுக் கலக்கி வைத்தாள். கலக்குகிற சத்தம் நின்றதும் இருவரும் தரையில் உட்கார்ந்து, ஈரம் ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி உள்ளங்கை அளவாகி, இல்லாமல் போவதைப் பார்த்தார்கள். பிறகு மகள் எழுந்துபோய் மடிக்கணினியை எடுத்துவந்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

"நான் இருக்கும்போதே அழிச்சிடும்மா. நான் போயிட்டா நீ அழிக்க மாட்ட."

அழிக்க ஒரு விநாடிகூட ஆகவில்லை. ஆனால் காரணம் எழுதாமல் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்பது அவளே எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த முறை. குறிப்பில் 'மறதியால் விடுபட்ட சோதனை வரி' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, 'சோதனை வரி நீக்கப்பட்டது. நான்கு வருடமாகத் தெரியும்' என்று எழுதினாள். அந்தக் குறிப்புகளை இயக்குநர் ஒருநாளும் படித்ததில்லை; இதையும் படிக்கவில்லை.

அந்த வாரமே கிழக்குக் குடியிருப்பில் மூன்று நாள் விடாமல் பெய்தது. துணி காயவே மாட்டேன் என்கிறது என்று மகள் ஃபோனில் புலம்பினாள். நிரலை ஓட்டுகிற ஒவ்வொரு தடவையும் வேறு விடை வந்ததால், வானிலைக்காரரின் கணிப்பு மற்ற ஊர்களில் தப்புவதுபோல இங்கேயும் தப்பியது. அதைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதினார். குடைக் கடை மறுபடி திறந்தது. அடுத்த வருடம் பத்தொன்பதாம் நாள் நிரல்காரி வழக்கம்போல விடுப்பு எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வைத்தாள். பளீரென்று வெயில் அடித்தது. தரை தரையாகவே இருந்தது.

அதே வருடம், சலூன்காரர் வீட்டில் ஒரு மழை மதியம் ஈரக் காலடிகள் விழுந்தன. இரண்டு மாதம் கழித்து ஓர் ஆசிரியை குடியிருந்த மாடி வீட்டில் விழுந்தன. பிறகு அங்கொன்று இங்கொன்றாக, எந்த மழை, எந்தத் தெரு என்று யாராலும் சொல்ல முடியாதபடி. ஜனங்கள் ஒரு துணியை எடுத்துத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். கேள்விப்பட்ட வீட்டுக்கெல்லாம் நிரல்காரி போய், எந்தப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது, எந்தப் பக்கம் நடந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். "இடது பாதம்தாங்க. நேரா அடுப்படிக்குத்தாங்க போச்சு" என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அவள் ஓய்வு பெறுகிறவரைக்கும், பதினோரு வருடத்தில், இருபத்தேழு வீடுகள். அவள் வீடு அதில் இல்லை. ஊரில் நாற்பதாயிரம் வீடுகள். தன் வீட்டு முறை வருவதற்குச் சராசரியாகப் பதினாறாயிரத்துச் சொச்சம் வருடம் ஆகும் என்று கணக்கு வந்தது. பகடை எங்கேயாவது தன் தெருவை மட்டும் ஒதுக்குகிறதா என்று, ஓய்வு பெறுகிற நாளன்று நிரலை முதல் வரியிலிருந்து மூன்று தடவை படித்துப் பார்த்தாள். ஒதுக்கவில்லை. எல்லாத் தெருவுக்கும் ஒரே வாய்ப்பு. நிரல் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.