ஏழாம் எண் கேள்வி

தலைநகரைச் சுற்றிப் பார்க்க எங்களுக்கு ஆசையே இல்லை. எங்கள் தொகுதி எம்.பி. ஒரு பஸ் நிறைய ஆட்களை ஊர் காட்ட அழைத்துப் போனார். சபையின் பார்வையாளர் மாடத்துக்கு அந்தக் கூட்டத்தோடு வந்தால்தான் அனுமதிச் சீட்டு என்றார்கள். அதனால் நானும் என் மனைவியும் ஏறினோம்.

எங்கள் மகன் சுரங்கத்தில் வெல்டர். இரண்டு வருடத்துக்கு முன் மண் சரிந்தபோது உள்ளே மாட்டியவன்தான், கூட ஐந்து பேர். பதினெட்டு நாள் தேடிவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். இந்த மாதக் கடைசியில் சுரங்க வாயைக் கான்கிரீட் போட்டு மூடப் போகிறார்கள். மூடுவதற்கு முன் இன்னொரு தடவை தோண்டுவீர்களா என்று எம்.பி. அமைச்சரைச் சபையில் கேட்பதாக ஏற்பாடு. பட்டியலில் ஏழாம் எண். அன்றைக்குக் கூட்டத்தொடரின் கடைசி நாள்.

விடிந்ததும் வளைவு, மாளிகை, கோபுரம் என்று இழுத்தடித்தார்கள். வழிகாட்டி ஒவ்வொரு தூணுக்கும் உயரம் சொல்லி உயிரை வாங்கினார். போர்வீரர்களின் பெயர் செதுக்கிய சுவர் முன்னால் என் மனைவி நின்றுவிட்டாள்.

"இவங்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டாந்து சேர்த்தாங்களா?"

"அது தெரியாதும்மா. மொத்தம் நாலாயிரம் பேரு. சுவரு நாப்பது அடி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

மாடத்தில் பேசக் கூடாது, எழக் கூடாது, முன்னால் சாயக் கூடாது. மூச்சு விடலாம். எங்கள் கூட்டத்தார் பத்து நிமிஷத்தில் அலுத்துப்போய், எம்.பி. தங்களோடு படம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாரே என்று இறங்கிப் போனார்கள். நாங்கள் அசையவில்லை. நாலாம் கேள்வி மாட்டுத் தீவனம். ஐந்தாம் கேள்வி ஒரு பாலம். பாலத்தின் நடுவில் எங்கள் எம்.பி. எழுந்து வெளியே போனார்.

"ஒண்ணுக்குப் போயிருப்பாரு. வந்துடுவாரு," என்று அவள் காதில் சொன்னேன்.

ஆறாம் கேள்விக்கு அமைச்சர் இரண்டே வரியில் பதில் சொல்லி முடித்தார். சபாநாயகர் ஏழு என்றார். எம்.பி.யின் பெயரைச் சொன்னார். இருக்கை காலி. மறுபடி ஒரு தரம் சொன்னார். பிறகு எட்டு என்றார்.

என் மனைவி எழுந்துவிட்டாள். "ஐயா, அது எங்க கேள்விங்க! நாங்க இருக்கோம்ங்க!"

கீழே சிலர் அண்ணாந்து பார்த்தார்கள். அமைச்சர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். எங்களுக்கான பதில் அதில்தான் இருந்திருக்கும். காவலர் நல்ல மனிதர், அதட்டாமல் எங்களை வெளியே கொண்டுவந்து விட்டார்.

வெளிப்படிக்கட்டில், பஸ் கூட்டத்துக்கு நடுவே எம்.பி. நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது.

"அதுக்குள்ளயா கூப்பிட்டாங்க? இன்னும் கால் மணி ஆகும்னுல்ல நெனச்சேன். அடுத்த கூட்டத்தொடர்ல கண்டிப்பா கேட்டுடலாம்மா. மூணே மாசம்."

"மூணு மாசம் கழிச்சு எதைத் தோண்டுவீங்க, கான்கிரீட்டையா?" என்றாள் அவள். "அப்ப எம்புள்ள அங்கயேதான் கெடக்கணுமா?"

எங்கள் தெருவில் நான் பெரிய வாய்க்காரன். அங்கே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். வெயில் ஏறுகிறது என்று படம் எடுப்பவர் அவசரப்படுத்தினார். எம்.பி. என் தோளில் கை போட்டு நிறுத்திக்கொண்டார்.

படம் சட்டம் போட்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. அவள் தரையைப் பார்த்து நிற்கிறாள். சிரிக்கச் சொன்னார்கள், நான் சிரித்திருக்கிறேன்.