முள் எழாத மீட்டர்

தான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இன்ஜின் பக்கம் போனாலே மைத்துனியின் முகம் மாறுவதை மாமா கவனிக்காமல் இல்லை. காரணமும் அவருக்குத் தெரியும். போன கார் பந்தயத்தில் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் சரிந்தபோது, "மீட்டர்தான் கோளாறு, நீ ஓட்டு" என்று ஓரத்தில் நின்று கையசைத்தவர் அவர்தான். அடுத்த வளைவில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால், ஆயில் பம்பைச் சுழற்றும் தண்டு பிழிந்த துணி போல முறுக்கிக்கொண்டு கிடந்தது.

இப்போது அதற்குப் பதிலாக, பந்தய வண்டிகளுக்கென்றே தனியாகச் செய்து விற்கும் எஃகுத் தண்டு வந்திருந்தது. விடிந்தால் பந்தயம்.

"மாமா, இதுதான் கடைசி. இன்னொரு தடவை இன்ஜின் போச்சுன்னா, வண்டியை வேற ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிட்டுப் போயிடுவேன்."

"தள்ளிட்டுத்தானே போவே? ஓட்டிட்டுப் போகணும்னா நான்தான் வேணும்."

"வாய் மட்டும் டர்போ."

சிரித்து வைத்தார், ஆனால் அவள் சொன்னதைச் செய்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். வாரமெல்லாம் லாரி பிரேக்கோடு மல்லுக்கட்டுகிறவருக்கு பந்தய வண்டி நிற்கும் இந்த ஷெட்தான் மூச்சு விடும் இடம்.

தண்டை இறக்கி, அதன் நுனி பம்புக்குள் சரியாக உட்காரும்வரை விரலால் திருகினார். ஸ்டார்ட் செய்யுமுன் இன்ஜின் முழுக்க எண்ணெய் ஏற வேண்டும். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் இந்தத் தண்டும் ஒரே திசையில் ஒன்றாகவே சுற்றும். அதைக் கழற்றிய துளை வழியாக நீளக் கம்பியை விட்டு, டிரில்லை மாட்டிச் சுற்றினால் பம்பு எண்ணெயை இறைக்கும், முள் எழும்.

சுற்றினார். முள் அசையவில்லை. மறுபடியும் சுற்றினார். ம்ஹூம்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து மைத்துனியின் தலை எட்டிப் பார்த்தது. "என்ன மாமா, இப்பவும் மீட்டர்தானா?"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஸ்டார்ட் செய்தால் தானே ஏறிவிடும் என்று மனசு ஆசை காட்டியது. டிரில்லிலிருந்து விரலை எடுத்தார். தகரக் கூரை வெயிலில் படபடத்தது.

"தெரியலைம்மா. சாவியைத் தொடாதே. ஆயில் தொட்டியைக் கழற்றிப் பார்க்கணும். நாளைக்குப் பந்தயம் கிடையாதுன்னு வச்சுக்க."

அவள் இறங்கி வந்து குனிந்தாள். "எங்க, இன்னொரு தடவை சுத்துங்க."

சுற்றினார்.

"டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பக்கம் சுத்தும் மாமா?"

"இடப்பக்கம்."

"டிரில்?"

பார்த்தார். வலப்பக்கம். ஆயுசு முழுக்கத் துளை போட்ட கை, துளை போடும் திசையிலேயே சுற்றியிருக்கிறது. பம்பு பாவம், எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தது.

"அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"அம்மா தாயே, நான் வீட்டுக்குப் போக வேண்டாமா?"

திசையை மாற்றி அழுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டிரில் திடீரென்று கனத்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. எண்ணெய் ஏறிவிட்டது என்பது முள்ளுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம்தான் முள் எழுந்தது.

"டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டுங்க," என்றாள் அவள், கையிலிருந்த பழந்துணியை அவரிடம் நீட்டி. "காலையில சீக்கிரம் வந்துடுங்க. லேட் பண்ணினீங்க, விட்டுட்டுப் போயிடுவேன்."