பழைய அளவு

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவின் காஜா பெராங் கம்பத்தில் அரிசி குதிரைக்கொம்பு. அபினுக்கு மட்டும் பஞ்சமில்லை. பூங்காவனம் மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே பாயில் கிடந்த கணவன் மருதமுத்து, "ஏ புள்ள, உருண்டையக் குடு. முதுகு பொளக்குது," என்று கெஞ்சினான்.

சயாம் பாதைக்கு அனுப்ப மலாக்கா ரயில் தண்டவாளத்தைப் பெயர்க்கும் வேலையில் இரும்பு விழுந்து நொறுங்கிய முதுகு அது. முதலில் கடுகளவு அபினில் தூங்கினான். வலி தீரவில்லை. கடுகு மிளகாகி, மிளகு சுண்டைக்காய் ஆனது.

பக்கத்து வீட்டு அஞ்சலை சும்மா இருப்பாளா? "வலியாவது ஒண்ணாவது! ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவுது. மாரியாத்தாளுக்குக் காப்பு கட்டி விடு, தன்னால நிக்கும்," என்றாள். கணவனின் வலியைவிட ஊர் வாய்க்கே அதிகம் பயந்த பூங்காவனம் அதை நம்பினாள். பாவி, வைத்தியரை நினைக்கவேயில்லை.

திருவிழாக் காப்பு அவிழும்வரை, பதினைந்து நாளும், அபினைத் தொடமாட்டேன் என்று மருதமுத்து சத்தியம் செய்தான். வியர்த்துக் கொட்டியது, வயிறு போனது, புழுவாய்த் துடித்தான். வாக்கு மட்டும் மாறவில்லை.

காப்பு அவிழ்த்து வந்த மத்தியானம், "ஆத்தாளுக்குச் சொன்னதக் காப்பாத்திட்டேன். வலிதான் என்னை விடல," என்று அழுதான். அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. முன்பு கொடுத்த அதே சுண்டைக்காய் அளவு அபினை உருட்டி, வெற்றிலையில் மடித்துத் தானே ஊட்டினாள்.

குறட்டை கேட்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. குறட்டைகளுக்கு நடுவே இடைவெளி நீண்டபோதுதான் உற்றுப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

அலறல் கேட்டு எதிர்வீட்டில் இருந்த தேவதாஸ் ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக மருந்து கொடுக்கும் டிரெசர் அவர். "தூங்க விடாதம்மா! உலுக்கு, மூச்சு விடச் சொல்லிக் கத்து!" என்று அவனைத் தூக்கி நிறுத்தினார். அஞ்சலையும் பதறி வந்து பிடித்தாள்.

"எப்பவும் திங்கிற அளவுதானேண்ணே குடுத்தேன்?"

"நாள்பட்ட வலிக்கு நாள்பட தின்னா, ஒடம்பு பழகிப்போயி கூடக் கேக்கும். அது பேராசை இல்லம்மா. நிறுத்திட்டா அந்தப் பழக்கம் விட்டுப்போகும். அப்புறம் பழைய அளவே எமன்."

விளக்கு வைக்கும் நேரத்தில் மருதமுத்து கண் திறந்தான். "வலிக்குது," என்றான். அவள் கேட்டுக் கேட்டு வெறுத்த சொல். இன்று அதற்காகவே அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஆத்தா காப்பாத்திட்டா," என்றாள் அஞ்சலை.

"காப்பாத்தினது ஆத்தாதான்க்கா," என்றாள் பூங்காவனம். "கொல்லப் பாத்தது நாம. மருந்தக் கூட்டுறதோ நிறுத்துறதோ, தெரிஞ்சவங்களக் கேட்டுத்தான் செய்யணும். இனிமே இந்த மனுஷன் வலிக்குதுன்னு சொன்னா, பொய்யின்னு யாரும் இந்த வாசல்ல நின்னு பேசக்கூடாது."