புகைக்காக விட்டுவைத்த வீடு

மாளிகை ஜன்னலில் நின்று பார்த்தால் புல்லும் ஏரியும் தவிர எதுவும் தெரியக்கூடாதென்று பிரபு ஊரையே இடித்துக் குன்றுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். குடியானவன் ஜேபஸின் வீட்டை மட்டும் தொடவில்லை. பெரிய மனுஷன் சும்மா விடுவானா? அன்றைக்கே ஜேபஸுக்குப் பிரபுமேல் சந்தேகம்.

ஊர்க்காரர்களுக்கோ அவன்மேல் சந்தேகம். பிரபுவின் காட்டில் மான் திருடுகிறவர்களைக் காட்டிக்கொடுத்துத்தான் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டான் என்றார்கள். பீர்க்கடையில் அவன் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும்.

பிரபுவின் காரியஸ்தர் ஸ்கேர்ன் வந்து கூரை வேய்ந்து, வெள்ளையும் அடித்துக் கொடுத்தார். மாளிகைக்கு விருந்தாளிகள் வரும் நாளில் அடுப்பு எரிய வேண்டும், அவ்வளவுதான் என்றார். தூரத்தில் ஒரு கோடு புகை எழும்பினால் காட்சிக்கு அழகாம். லண்டனிலிருந்து வந்த தோட்டக்காரத் துரை சொன்னாராம். வேர்த்துக் கொட்டும் ஜூலையிலும் ஜேபஸ் அடுப்பெரித்தான்.

இலையுதிர் காலத்தில் வாசலுக்கு எதிரே வரிசையாகக் கன்று நட்டார்கள்.

"எதுக்குங்க இது?"

"உனக்கு நிழலுக்குத்தான்யா."

"நிழலா? இந்த ஊர்ல வருஷத்துல எத்தனை நாளுங்க வெயில்?"

ஸ்கேர்ன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்புதான் ஜேபஸுக்குப் பிடிக்கவில்லை. குழி வெட்டினவனுக்கு பீர் ஊற்றிக் கேட்டான். பிரபுவுக்குப் புகை சலித்துவிட்டதாம், பத்து வருஷத்தில் இது தோப்பாகிவிடும், மாளிகையிலிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் புகைகூடத் தெரியாது என்று அவன் உளறிவிட்டான்.

புகை தெரியாவிட்டால் வீடு எதற்கு?

"பத்து வருஷமா? அதுக்குள்ள நாம போய்ச் சேந்துடுவோம்யா," என்றாள் அவன் மனைவி ஹெஸ்டர்.

"நான் போயிடுவேன். நீ இருப்ப. உங்கம்மா தொண்ணூறு வரைக்கும் இருந்து எல்லாரையும் படுத்தலையா?"

ஹெஸ்டர் முறைத்தாள். ஆனால் அன்றிலிருந்து பன்றிக்கறி வேகவைத்த உப்புத்தண்ணீரைக் கொல்லையில் கொட்டவில்லை. வாசலில் கொண்டுபோய்க் கன்றுகளுக்கு ஊற்றினாள். போதவில்லையென்று ஜேபஸ் மேலும் ஒரு கை உப்பு போட்டான்.

வசந்தம் வந்தும் ஒரு கன்றும் துளிர்க்கவில்லை. ஸ்கேர்ன் குனிந்து மண்ணை விரலில் தேய்த்தார், இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த மண்ணு மரத்துக்கு ஆகாதுங்க," என்றான் ஜேபஸ்.

"பின்ன உன் கொல்லையில நிக்குதே, அந்த ஓக் மரம்?"

"அது எங்க தாத்தா காலத்து மரம். பழகிடுச்சு."

ஸ்கேர்ன் சிரிக்கவில்லை. அடுத்த வண்டிக் கன்று வருகிறது, இந்தத் தடவை நானே வந்து பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிக் குதிரையேறினார்.

அவர் மறைகிறவரை ஜேபஸ் வாசலிலேயே நின்றான். உள்ளே ஹெஸ்டர் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தாள். பாதிதான் இருந்தது.