இடப்பக்கம் முறுக்கிய நூல்

இப்போதெல்லாம் மிருகத்துக்கு ஒன்றென்றால் முதலில் போட்டோதான் பிடிக்கிறார்கள். காலைத் தூக்கிப் பார்ப்பதில்லை, மோந்து பார்ப்பதில்லை. படத்தை எங்கோ இருக்கிற எவனுக்கோ அனுப்பிவிட்டு, சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறிப் பதிலுக்குக் காத்து நிற்கிறார்கள். என் மருமகள் யெனியும் அப்படித்தான் நின்றாள். கீழே முற்றத்தில் புயு ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றது.

புயு என் பெண்சாதி பௌஸ்தினா வளர்த்த அல்பாக்கா, ரோமத்துக்காக நாங்கள் மந்தையாக மேய்க்கிற நீளக்கழுத்து மிருகம். பிறந்த அன்றே தாய் பனியில் செத்துப்போனதால் புட்டிப்பால் குடித்து அடுப்படியில் வளர்ந்தது. மந்தையோடு பாறைக்குப் போகாது. வீட்டுக்குப் பின்னால் ஊற்று கசிகிற ஈரப்புல்லில் மேயும். அலுத்துப்போனால் உள்ளே வந்து உருளைக்கிழங்குத் தோலுக்குக் கழுத்தை நீட்டும். மகன் லிமா பட்டணத்துக்கு வேலைக்குப் போனபிறகு பௌஸ்தினா பேசுகிற பேச்சில் பாதி அதனிடம்தான். மீதிப் பாதி என்னைத் திட்டுவது.

கீழே புல் தீர்ந்துகொண்டிருந்தது. தீர்ந்ததும் மந்தையை மேல் மேய்ச்சலுக்கு ஓட்டவேண்டும். விடிந்து கிளம்பினால் இருட்டும்போதுதான் போய்ச் சேரலாம். ஏற முடியாத மிருகத்தை எங்கள் மலைப்பக்கத்தில் யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை. நரிக்குக் கொடுப்பதைவிட அறுத்து உப்புப் போட்டுக் காயவைப்பது மேல். கத்தி பிடிக்கிறவன் நான். பௌஸ்தினா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: “அதும்மேல கத்தி வச்சா நான் மேல வரமாட்டேன். நீயே ஆக்கி நீயே தின்னு.”

நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பேய் பிடிக்கிற மாதிரி ஊற்று அதன் காலைப் பிடித்திருக்கிறது. கோக்கா இலையும் கொஞ்சம் சாராயமும் ஊற்றுக்குப் படையலாகக் கொடுத்தேன். எங்களிடம் உடுத்துகிற நூலை வலப்பக்கம் முறுக்குவார்கள். பிடித்ததை விரட்டுகிற நூலை மட்டும் இடப்பக்கம். அப்படி ஒன்றைப் பௌஸ்தினாவே முறுக்கிக் கொடுத்தாள். பாதத்துக்கு மேலே கட்டினேன். ரோமம் மூடிக்கொண்டது. கால் வீங்கியது. ஊற்று விடமாட்டேன் என்கிறது, நாமும் விடக்கூடாது என்று இன்னும் இறுக்கினேன்.

யெனி பாறையிலிருந்து இறங்கி வந்தாள். கையில், அவள் தாய்வீட்டில் பீச் மரக் கிளை வெட்டுகிற கத்தரி.

“மாமா, நகத்தப் பாருங்க. ஈரத்துலயே நின்னு தேயாம வளந்து, கெடாக்கொம்பு மாதிரி சுருண்டுபோச்சு. விரலே கோணிக்கிச்சு. வெட்டணும்.”

“அல்பாக்காவுக்கு நகம் வெட்டுறத எங்கப்பன் காலத்துல கேட்டதே இல்ல. அடுத்து என்ன, மருதாணியா?”

“உங்கப்பா அடுப்படியில வச்சு வளக்கலயே மாமா. பாறையில நடந்தா பாறையே தேய்ச்சுரும்.”

“ஏ கெழவா, புடிக்கிறியா, நான் புடிக்கட்டா?” என்றாள் பௌஸ்தினா.

பிடித்தேன். புயுவைக் கால் மடக்கி உட்காரவைத்து முதுகின்மேல் சாய்ந்தேன். அது கழுத்தைத் திருப்பி, அரைத்த பச்சைப் புல்லை என் முகத்தில் உமிழ்ந்தது. அந்த நாற்றம் அறிந்தவர்களுக்குத் தெரியும். யெனி சிரிப்பை அடக்கிக்கொண்டு, பாதத்துக்கு இணையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினாள். ஓரிடத்தில் ஆழமாகப் போய் ரத்தம் வந்தது. அடுப்புச் சாம்பலை வைத்து அழுத்தினேன், நின்றது. அதற்கு எந்தப் போன்காரனையும் கேட்கவில்லை.

பிறகு அவள் விரல் மேலே போனது. ரோமத்தை விலக்கினாள். நூலைக் காணவில்லை. சதைக்குள் இறங்கியிருந்தது.

“யாரு மாமா கட்டுனது?”

நான் புயுவின் முதுகை இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

“நான் முறுக்குனதுதான்,” என்றாள் பௌஸ்தினா. அவள் என்னைப் பார்க்கவில்லை. புயுவின் காதில் போன திருவிழாவுக்குக் கட்டிய சிவப்புக் குஞ்சத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

யெனி கத்தரியை நூல் பக்கம் கொண்டுபோனாள். அவள் கையைப் பிடித்தேன். “அறுக்காத. அறுத்தா பிடிச்சது வீட்டுக்குள்ள செதறும். அவுக்கணும்.”

“இது வேறயா! அதுக்கு வலிக்குது மாமா!”

“வலிக்கட்டும். சாகாது. நான் கட்டுனத நான் அவுப்பேன்.”

நெய்கிறபோது இழை தட்டுகிற, லாமா மிருகத்தின் எலும்பை எடுத்துவரச் சொன்னேன். மண்டியிட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, எலும்பின் முனையால் முடிச்சைத் தேடினேன். என் கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. புயு அலறியது. பௌஸ்தினா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். இத்தனை வருஷத்தில் கேட்காத வார்த்தைகள். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தேன். சீழும் நூலும் சேர்ந்து வந்தன.

யெனி புண்ணைக் கழுவி ஊதா மருந்து போட்டாள். புயுவை ஈரப்புல்லுக்கு விடாமல், கல் பரப்பிய பட்டியில் அடைத்தாள். தினமும் போட்டோ பிடித்தாள். வீக்கம் வடிந்தது. ஒரு காலையில் அது நாலு காலையும் ஊன்றி நின்று என் தொப்பியைக் கடித்தது.

மேலே கிளம்புகிற அன்று பௌஸ்தினா பொதி சுமக்கிற லாமாவின் முதுகில் சட்டி பானையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். “இப்பவாவது ஒத்துக்கயேன். நூலுதானே கால அறுத்துச்சு?”

“நூலு ஊத்த இழுத்துப் புடிச்சுச்சு. மொறையா அவுத்தோம், ஊத்து விட்டுச்சு. அறுத்திருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி.”

“மாமா, நகமும் நூலும்தான். ஊத்து பாவம், அது பாட்டுக்கு கசிஞ்சுக்கிட்டு இருக்கு,” என்றாள் யெனி.

“ஒன் போன்காரன் சொன்னானா?”

அவர்களுக்கு முந்தி வழியிலுள்ள ஓடைக்குப் போனேன். அவிழ்த்து வைத்திருந்த நூலை இடது கையால் தண்ணீரில் எறிந்தேன். எறிந்தவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. கத்தி இடுப்பில் இருந்தது. ஏற்றம் தொடங்கியது. எனக்குப் பின்னால் சரளைக்கல் உருளுகிற சத்தம். மூன்று அடி ஒழுங்காக, நாலாவது கொஞ்சம் தாமதித்து. நின்றது. பௌஸ்தினா ஏதோ சொல்லிக் கொஞ்சினாள். மறுபடி கல் உருண்டது.

நான் திரும்பவில்லை. நடந்தேன்.