பெனினாவின் இரண்டாவது ஸ்கேன்

பெனினாவுக்குச் சிறுவயதிலிருந்தே வலிப்பு உண்டு. வந்தால் ஓரிரு நிமிடம் கை கால் இழுக்கும். அயர்ந்து தூங்கி எழுந்து, தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரை இருக்கிறதா என்று கேட்பாள். லோகன் நகரில் இருக்கும் சமோவாத் தீவுக்காரர்களின் தேவாலயத்தில் அது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். அதனால் அந்த ஞாயிறு பாடகர் வரிசையில் அவள் சரிந்தபோது யாரும் பெரிதாகப் பதறவில்லை. கணவன் மலாக்கி அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுக் காத்திருந்தான். பாட்டு முடிந்தது, இழுப்பு நிற்கவில்லை. ஆம்புலன்ஸில் ஊசி போட்டும் நிற்கவில்லை. இரண்டு நாளாக அவளுக்குக் காய்ச்சலும் வாந்தியும். விழுங்கிய வலிப்பு மாத்திரை எதுவும் உள்ளே தங்கியிருக்காது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குக் குழாய் செருகினார்கள். உடம்பு அடங்கியது. ஆனால் தலையில் ஒட்டியிருந்த ஒயர்கள் காட்டிய கோடுகளில், மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டேதான் இருந்தது. மருந்தைக் கூட்டிக் கூட்டி, மறுநாள் சாயங்காலம்தான் அதை நிறுத்த முடிந்தது.

அப்புறம் எடுத்த ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் வீங்கி, ஓரமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. கட்டியாக இருக்கலாம், மண்டையைத் திறந்து ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் அறுவை சிகிச்சை டாக்டர். நரம்பு டாக்டரான ஹார்ட்னெல் அம்மாள் தயங்கினார்.

"வலிப்பு விடாம ஓடினாலும் மூளை இப்படி வீங்கும். படத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பேச்சுக்கான இடம் வேற அது. ஒரு வாரம் பொறுத்து மறுபடி எடுப்போம். வலிப்போட வேலைன்னா வெளுப்பு குறையும்."

குறையாவிட்டால் என்ன என்று கேட்டான் மலாக்கி. ஒரு வாரம் வீணாகியிருக்கும் என்று மறைக்காமல் சொன்னார் அவர். அப்படியும் காத்திருக்கலாம் என்றான் மலாக்கி.

ஆக்லாந்திலிருந்து பெனினாவின் அக்கா சூலியா வந்து இறங்கினாள்.

"பழுக்கட்டும்னு காத்திருக்க இது என்ன வாழைத்தாராடா? கட்டியா இருந்து அவளுக்கு ஏதாவது ஆச்சு, உன்னை சும்மா விடமாட்டேன்."

"வெட்டி அவ பேச்சு போயிட்டா, அக்கா?"

"உசுரு இருந்தாப் போதும்."

"எனக்குப் போதாது."

சூலியா அதன்பின் அவனோடு பேசவில்லை. மலாக்கிக்கு ஜெபம்கூட வரவில்லை. கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, தன் பிடிவாதமே அவளைக் கொன்றுவிடுமோ என்று ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டு அழுதான். ஒருநாள் தாங்க முடியாமல், அறுத்துவிடுங்கள் என்று சொல்ல ஓடினான். அறுவை டாக்டர் உள்ளே வேறொருவருக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். மூடிய கதவின் முன் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

இரண்டாவது ஸ்கேனில் வெளுப்பு ஏறக்குறைய மறைந்திருந்தது. கட்டி இல்லை. சூலியா அவன் தோளில் சாய்ந்து விம்மினாள். ஹார்ட்னெல் மட்டும் சிரிக்கவில்லை. மூளைக்குள், காதுக்கு நேர் உட்புறமாகச் சுருண்டு கிடந்த ஒரு சின்னப் பகுதியைக் காட்டினார். அங்கே மட்டும் வீக்கம் வடியவில்லை. நாளடைவில் அது சுருங்கலாம். புதிதாக நடப்பதை மனதில் பிடித்து வைக்கும் இடம் அது.

சில நாளில் பெனினா கண் விழித்தாள். பேச்சு தெளிவாக இருந்தது. மலாக்கியின் தாடியைத் தொட்டு, ஏன் சிரைக்கவில்லை என்று கேட்டாள். பிறகு, அம்மா வரவில்லையா என்றாள்.

அவள் அம்மாவைப் போன வருடம்தான் புதைத்திருந்தார்கள். மலாக்கி மெதுவாகச் சொன்னான். அன்றுதான் செய்தி வந்ததுபோல் கதறினாள் பெனினா. ஓய்ந்து, ஜன்னலைப் பார்த்தாள். கொஞ்சம் கழித்துத் திரும்பி, அம்மா வரவில்லையா என்றாள். மறுபடியும் சொன்னான். மறுபடியும் கதறினாள்.

மூன்றாம் முறை கேட்டபோது, "வந்துக்கிட்டு இருக்காங்க" என்றான்.

சூலியா அவனை வெளியே இழுத்துப் போனாள். "செத்துப்போன அம்மாவை வச்சுப் பொய் சொல்றியா?"

"வேற என்ன செய்ய, அக்கா? நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அம்மா செத்தது இன்னைக்குத்தான்."

உள்ளிருந்து பெனினா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.