ஒரு சொம்பு கஞ்சி

பொன்னுசாமியின் இடது காலில் இரண்டாவது விரல் வீங்கிப் பழுத்திருந்தது. சிமெண்டு மூட்டை இறக்கும்போது லாரிப் பலகையில் இருந்த ஆணி கிழித்த காயம். இரண்டு மாதமாக ஆறவில்லை. தாம்பரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அதை அழுத்திப் பார்த்தார். வலிக்கவில்லை என்றார் பொன்னுசாமி. வலிக்காததுதான் கெட்டது என்றார் டாக்டர்.

"ஒரு மாசம் பார்ப்போம். சுகர் இறங்கி, புண்ணு காய ஆரம்பிச்சா விரல் இருக்கும். இல்லேன்னா எடுத்துடணும்."

ஒரு விரல்தானே என்று யாரும் சொல்லலாம். ஐம்பது கிலோவை முதுகில் வைத்துக்கொண்டு ஓரடிப் பலகையில் இறங்குகிறவனுக்குக் கால்விரல்தான் பிடிமானம். விரல் எடுத்த லோடுமேன் ஒருத்தரைப் பொன்னுசாமிக்குத் தெரியும். அவர் இப்போது ஓர் அடுக்குமாடியின் கேட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நர்ஸ் கீதா அவர் மனைவி அருள்மேரியைத் தனியாக நிறுத்திச் சொன்னாள். "சோறு, இட்லி, தோசை, பரோட்டா, உருளைக்கிழங்கு எதுவும் குடுக்காதக்கா. முட்டை, மீன், கீரை, காய் வயிறு ரொம்பக் குடு. மாத்திரைய மட்டும் வுட்டுடாத."

மறுநாளே முடிச்சூரில் அந்த ஒற்றை அறை வீட்டின் சமையல் மாறியது. அருள்மேரி முட்டைகோஸை அரிசி அளவுக்குப் பொடியாக நறுக்கி, ஆவியில் வேகவைத்து, அதன் மேல் மத்திமீன் குழம்பை ஊற்றினாள். காலையில் மூன்று முட்டையும் முருங்கைக்கீரையும். மதியத்துக்குச் சுரைக்காய்க் கூட்டு, வாரத்தில் ஒரு நாள் ஆட்டு ஈரல். சாயங்காலம் ஒரு பிடி வேர்க்கடலை.

பொன்னுசாமி கோஸைக் கிளறிப் பார்த்தார். "பாக்க சோறு மாதிரிதான் கீது."

"அப்ப கண்ண மூடிக்காம துன்னு" என்றாள்.

தின்றார். மூட்டையை விட்டு, காலில் துணி சுற்றி ஷூ போட்டுக்கொண்டு அதே சிமெண்டு டெப்போவில் மணல் அள்ளும் வேலைக்கு மாறினார். நான்காம் நாள், உடம்பில் தெம்பே இல்லை என்றார். மண்வெட்டியே கனக்கிறதாம்.

அருள்மேரி யோசித்தாள். கல்லூரிக்குப் போகும் மகள் ரேஷ்மாவின் டப்பாவுக்காகத் தினமும் காலையில் சோறு வடிக்கிறாள். அந்த வடித்த கஞ்சி ஒரு சொம்பு வரும். உப்புப் போட்டு, மோர் கலந்து, இரண்டு சின்ன வெங்காயம் நசுக்கிப் போட்டு நீட்டினாள். பொன்னுசாமி நின்றபடியே குடித்துவிட்டு, "உசுரு வந்துச்சு மேரி" என்றார். அதிலிருந்து வேலை நாளெல்லாம் ஒரு சொம்பு.

அவள் பிறந்த வீட்டில் சோறு ஆம்பளைகளுக்கும் பிள்ளைகளுக்கும். மிச்சமில்லாத நாளில் அம்மாவும் பெண்களும் கஞ்சியைக் குடித்துவிட்டுக் களை பறிக்கப் போவார்கள். சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால் இல்லை, கஞ்சிதான் என்பார்கள். கஞ்சி குடிப்பது சாப்பாட்டில் சேர்த்தியில்லை.

பதினைந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். இருநூற்று எண்பத்தி இரண்டு. கீதா தலையை ஆட்டினாள். "வெளிய எங்கியோ துன்றாருக்கா. நல்லா கவனி."

அருள்மேரி வீட்டுக்குப் போகவில்லை. நேராக டெப்போவுக்குப் போனாள். ரத்தம் கொடுத்ததுமே வேலைக்குப் போய்விட்ட பொன்னுசாமி மணல் குவியலில் நின்றிருந்தார். அவரோடு வேலை செய்யும் ஆபேலைக் கூப்பிட்டாள்.

"மெய்யச் சொல்லு ஆபேல். இந்தாளு பரோட்டா கடைக்குப் போறாரா?"

"மாதா மேல சத்தியமா இல்லக்கா. டீயையே சக்கர இல்லாம குடிச்சிட்டு மூஞ்சிய சுளிச்சிக்கினு கீறாரு. மாட்டுக்கு வெக்கிற கோஸ டப்பாவுல கட்டி அனுப்புற. அத துன்னுட்டு எங்கக்கா போவாரு?"

மணல் அள்ளிக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பொன்னுசாமி பக்கம் திரும்பினாள். "நான் கீற வேலையெல்லாம் போட்டுட்டு கீரை ஆஞ்சிக்கினு கீறேன். நீ திருட்டுத்தனமா துன்னுட்டு விரல எடுத்துக்கினு வா. நல்லா இரு."

பொன்னுசாமி மறுபடி மணலை அள்ள ஆரம்பித்தார். மூன்று நாள் வீட்டில் பேச்சு இல்லை. வைத்ததைத் தின்றார், கொடுத்த கஞ்சியைக் குடித்தார்.

இரும்புலியூரில் அருள்மேரி பாத்திரம் தேய்க்கும் வீட்டு அமலராணி டீச்சர், தன் பழைய சுகர் மெஷினைக் கொடுத்தார். ரேஷ்மா அதை ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று முட்டை, கீரை. இரண்டு மணி நேரம் கழித்து அப்பாவின் கைவிரலில் குத்தி ரத்தம் பார்த்தாள். நூற்று நாற்பத்தி எட்டு.

"அப்பா, நல்லாதான்ப்பா கீது!"

திங்கட்கிழமை மணல் லாரி வரவில்லை. பொன்னுசாமி டெப்போவுக்குப் போய்விட்டு, டீகூடக் குடிக்காமல் ஒன்பது மணிக்கே வீடு திரும்பி, கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ரேஷ்மாவை எதிரே வைத்து உட்கார்ந்தார். கைவிரலை அவரே நீட்டினார். இருநூற்று எழுபத்தொன்பது.

"இன்னாம்மா இது? நேத்து துன்னதேதானே இன்னிக்கும்?" என்றாள் ரேஷ்மா.

"அதேதான். மூணு முட்டை, கீரை..." என்று எண்ணிக்கொண்டே வந்த அருள்மேரி அடுப்புப் பக்கம் பார்த்து நிறுத்தினாள். சொம்பு கழுவாமல் கிடந்தது. அடியில் காய்ந்த கஞ்சி வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது. நேற்று ஞாயிறு. டப்பா கிடையாது. சோறு மத்தியானம்தான் வடித்தாள்.

நகத்தால் அந்த ஆடையைச் சுரண்டினாள். விரலில் பசையாக ஒட்டியது.

"நான்தான்யா" என்றாள்.

"இன்னா நான்தான்?"

"கஞ்சி. சோத்த நிறுத்திட்டு, சோத்துல கீறத எல்லாம் கரைச்சி நான்தான் ஊத்திக் குடுத்திருக்கேன்."

பொன்னுசாமி சொம்பை வாங்கிப் பார்த்தார். "இதுக்கா அத்தினி பேர் முன்னாடி என் மானத்த வாங்கின?"

"திட்டுய்யா. வாய தொறந்து திட்டு."

"திட்டுறதுக்குத் தெம்பு வோணுமே. அந்தக் கஞ்சியும் இனிமே கெடையாது."

ரேஷ்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அருள்மேரி மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மறுநாள் அவள் மறுபடி டெப்போவுக்குப் போனாள். அன்றைக்கு இருந்தவர்கள் எல்லாம் இருக்கிற நேரம் பார்த்துப் போனாள். "அவரு ஒண்ணும் துன்னல. நான்தான் தெரியாம கஞ்சி குடுத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

ஆபேல் விடவில்லை. "கோஸும் வெச்சி கஞ்சியும் வெச்சியா? அப்ப கட்டுத்தறி ஒண்ணுதான்க்கா பாக்கி."

இந்த முறை அவளும் சிரித்தாள்.

கஞ்சிக்குப் பதில் உப்புப் போட்ட மோர் மட்டும் கொடுத்தாள். முட்டை நான்காயிற்று. ராத்திரியில் ரேஷ்மாவும் கோஸும் மீனும் தின்னப் பழகினாள். வடித்த கஞ்சியை என்ன செய்வதென்று தெரியாமல் அருள்மேரி இரண்டு நாள் சாக்கடையில் கொட்டினாள். மனசு கேட்கவில்லை. பொன்னுசாமியின் வெள்ளைச் சட்டையை அதில் முக்கிப் பிழிந்து காயப்போட்டாள்.

மாதம் முடிந்த அன்று அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அது உடம்பில் ஒட்டாமல் அட்டை மாதிரி நின்றது.

டாக்டர் கட்டைப் பிரித்து, குனிந்து, வெகுநேரம் பார்த்தார். அருள்மேரி பின்னால் நின்று கணவனின் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

"ஓரத்துல புதுச் சதை வருது. சுகரும் எறங்கியிருக்கு. இப்ப வெட்ட வேணாம். ஆனா ஆறிடுச்சுன்னு நெனச்சுடாதீங்க. இதே சாப்பாடு, வாராவாரம் வந்து காட்டணும்."

வெளியே வந்த பிறகுதான் அவள் கையை விட்டாள். பொன்னுசாமி தன் சட்டைக் கையைப் பார்த்தார். ஐந்து விரலும் பதிந்து கசங்கியிருந்தது.

"இன்னாடி, ஒரு மணி நேரம்கூட ஆவல, கசக்கிட்டியே."

"நாளைக்கும் கஞ்சி வடிப்பேன்" என்றாள். "போட்டுக்கலாம் நட."